கழுத்தில் டை... காலில் சைக்கிள்... கூடவே ஒரு ஜோடி! 18 வயசில் ஊர் ஊராக கிளம்பும் மார்மன் இளைஞர்கள்

வெள்ளை சட்டை, டை, நெஞ்சில் கறுப்பு பேட்ஜ். வயசு 18, 19 தான் இருக்கும். எப்போதும் 2 பேராகவே போவார்கள். அமெரிக்காவில் மட்டுமல்ல, பிரேசில், பிலிப்பைன்ஸ், ஆப்பிரிக்கா என பல நாட்டு தெருக்களிலும் இந்த ஜோடிகளை பார்க்கலாம்.

இவர்கள் சேல்ஸ்மேன்கள் அல்ல. மார்மன் சபையின் மிஷனரிகள். உலகம் முழுக்க இப்போது 70 ஆயிரம் பேருக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறார்கள். சம்பளம்? ஒரு பைசா கிடையாது!

யார் இந்த மார்மன்கள்?

அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் 1830ம் ஆண்டு ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கிய சபை இது. பைபிளுடன் மார்மன் புத்தகத்தையும் வேதமாக ஏற்பதால் மார்மன்கள் என்று பெயர் வந்தது. சபையின் முழுப்பெயர் ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’. இந்த பெயரை சொல்லித்தான் அழைக்க வேண்டும் என்று 2018ல் அப்போதைய தலைவர் ரஸ்ஸல் நெல்சன் கேட்டுக்கொண்டார். தலைமையிடம் யூட்டா மாகாணத்தின் சால்ட் லேக் சிட்டி. நம் பக்கத்து பெங்களூரிலும் 1993ல் இவர்களின் மிஷன் தொடங்கப்பட்டது.

‘மார்மன்னா பல தாரம் கட்டுறவங்கதானே?’ என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் பலதார மணத்தை கைவிடுவதாக 1890லேயே சபை அறிவித்துவிட்டது. இப்போது யாராவது 2வது தாரம் கட்டினால் சபையை விட்டே நீக்கிவிடுவார்கள்.

எந்த ஊர் என்பது கையில் இல்லை

ஆண்களுக்கு மிஷன் 2 வருஷம், பெண்களுக்கு ஒன்றரை வருஷம். சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் ஆண் பிள்ளை என்றால் போய்த்தான் ஆகவேண்டிய கடமை என்று சொல்லியே வளர்க்கிறார்கள். ஆண்களுக்கான வயது 2012ல் 19ல் இருந்து 18 ஆக குறைந்தது. பெண்களுக்கு 21 என்று இருந்தது 19 ஆனது. 2025 நவம்பரில் அதுவும் 18 ஆகிவிட்டது.

விண்ணப்பம் போடலாம். ஆனால் ஊரை தேர்ந்தெடுக்க முடியாது. தலைமையிடம் அனுப்பும் கடிதத்தில் என்ன இருக்கிறதோ அங்கேதான் போகணும். சொந்த பந்தம் எல்லாம் கூடியிருக்க, அந்த கடிதத்தை பிரிப்பதே வீட்டில் ஒரு விசேஷம் மாதிரி நடக்கும். ஜப்பானும் வரலாம், பக்கத்து மாகாணமும் வரலாம்.

பிறகு பயிற்சி. யூட்டாவின் ப்ரோவோ நகரில் பெரிய பயிற்சி மையம் இருக்கிறது. வேற்று மொழி பேசும் ஊர் என்றால் சில வாரங்களில் அந்த மொழியை கற்றாக வேண்டும். அரைகுறை பேச்சோடு போய் இறங்கி, மீதியை தெருவில்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

செலவு அவரவர் பாக்கெட்டில் இருந்து!

அமெரிக்கா போன்ற நாடுகளில் இருந்து போகிறவர் மாதம் 500 டாலர் கட்ட வேண்டும். நம் பணத்தில் 40 ஆயிரம் ரூபாய்க்கு மேல். 2 வருஷத்துக்கு 12 ஆயிரம் டாலர். இதற்காக சின்ன வயசில் இருந்தே உண்டியலில் காசு சேர்க்கும் பிள்ளைகள் உண்டு. ஏழை நாட்டு பிள்ளைகளுக்கு சபை உதவுகிறது.

காலை 6.30 மணிக்கு எழுந்தாகணும். உடற்பயிற்சி, குளியல், படிப்பு. அப்புறம் தெரு. இரவு 10.30க்கு விளக்கை அணைக்கணும்.

டீ, காபி கூடாது. மது, சிகரெட் பேச்சுக்கே இடமில்லை. சினிமா இல்லை, காதல் இல்லை, நீச்சல் கூட இல்லை! தனியாக எங்கேயும் போகக்கூடாது. ஜோடி எப்போதும் கண்ணுக்கு தெரியும் தூரத்தில் இருக்க வேண்டும். பிடிக்காத ஆள் ஜோடியாக வந்தாலும் மாற்ற சொல்லி அடம்பிடிக்க முடியாது. சுமார் 6 வாரத்துக்கு ஒருமுறை வரும் மாறுதல் அறிவிப்பு வரை பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வாரத்தில் ஒருநாள் மட்டும் கொஞ்சம் ஓய்வு. துணி துவைப்பது, மளிகை வாங்குவது, முடி வெட்டுவது எல்லாம் அன்றைக்குத்தான். முன்பெல்லாம் வீட்டுக்கு போன் பேச கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் என வருஷத்தில் 2 நாள்தான் அனுமதி. 2019 பிப்ரவரியில்தான் வாரம் ஒருமுறை பேசலாம் என்று தளர்த்தினார்கள். அம்மாக்கள் பெருமூச்சு விட்டார்கள்!

படார் என்று சாத்தும் கதவு

பெரும்பாலான கதவுகள் திறப்பதில்லை. திறந்தாலும் முகத்தில் அடித்தாற்போல் சாத்துகிறவர்கள் அதிகம். நாய் துரத்தும். கேலி பேசுவார்கள். வாக்குவாதத்துக்கென்றே உட்கார வைப்பவர்களும் உண்டு. ஐரோப்பாவில் 2 வருஷம் அலைந்தும் விரல் விட்டு எண்ணும் அளவுக்கே ஆள் சேர்த்து திரும்பியவர்கள் ஏராளம்.

ஆனால், தனியாக கிடக்கும் முதியவர், பேச்சுத்துணைக்காகவே உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பதும் நடக்கிறது. வீடு மாற்றுகிறவருக்கு சாமான் தூக்குவது, இலவசமாக ஆங்கிலம் சொல்லித்தருவது போன்ற வேலைகளும் செய்கிறார்கள்.

ஆபத்தும் உண்டு. அமெரிக்க அதிபர் தேர்தலில் 2012ல் போட்டியிட்ட மிட் ராம்னி, இளம் வயதில் பிரான்சில் மிஷனரியாக இருந்தவர். 1968ல் அவர் ஓட்டிய கார் மீது எதிரே வந்த வாகனம் மோதியது. காரில் இருந்த மிஷன் தலைவரின் மனைவி பலியானார். ராம்னியும் இறந்துவிட்டதாகவே போலீஸ்காரர் ஒருவர் முதலில் நினைத்துவிட்டார்.

பாதியில் திரும்பினால்...

2 வருஷம் முடித்து வருகிறவருக்கு ஏர்போர்ட்டில் பலூன், பேனர் என ஏக வரவேற்பு. சிலருக்கு மட்டும், ஊரில் காத்திருந்த காதலி வேறு ஒருவரை கட்டிக்கொண்ட செய்தி நடுவிலேயே வந்து சேர்ந்திருக்கும்!

உண்மையான வலி, பாதியில் திரும்புகிறவர்களுக்குத்தான். உடம்பு முடியாமல், மனசு உடைந்து, நம்பிக்கை போய் என காரணம் எதுவாக இருந்தாலும் ‘ஏன் அதுக்குள்ள வந்துட்ட?’ என்ற கேள்வி மட்டும் விடாது. ஊர் பார்வைக்கு பயந்தே முடியாத நிலையிலும் பல்லை கடித்துக்கொண்டு இருப்பவர்கள் உண்டு. 2020ல் கொரோனா வந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் வீடு திரும்பினார்கள். அப்போது மட்டும் யாரும் அந்த கேள்வியை கேட்கவில்லை.

இப்போது உடல்நலம், மனநலம் சரியில்லாதவர்கள் சொந்த ஊரில் இருந்தபடியே சேவை செய்யவும் சபை வழி செய்திருக்கிறது. முழு 2 வருஷம் முடித்தவருக்கு கிடைக்கும் அதே மரியாதையை இவர்களுக்கும் தருவது, வீட்டில் உள்ளவர்கள் கையில்தான் இருக்கிறது.