ஆயத்தப் பேக்கேஜும் மூலநிரலும் எங்கே முட்டிக்கொள்கின்றன?

மாதக்கணக்கில் சீராக ஓடிய டேட்டாபேஸ், மின்வெட்டுக்குப் பிறகு எழ மறுக்கிறது. தேவையான லைப்ரரி கிடைக்கவில்லை என்று திரையில் ஒரே ஒரு வரி. பழி மின்வெட்டின் மேல் விழுகிறது. உண்மைக் காரணமோ சில நாட்களுக்கு முன் அதே சர்வரில் வேறொரு மென்பொருளை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்ததுதான்.

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் இது பழைய தொல்லை. 1993-இல் வெளிவந்த இந்த யூனிக்ஸ் வழி இயங்குதளம்தான் நெட்ஃபிளிக்ஸ் படங்களை அனுப்பும் சர்வர்களில் ஓடுகிறது. பிளேஸ்டேஷன் 4-இன் இயங்குதளமும் இதிலிருந்து பிறந்ததே. இதில் மென்பொருள் நிறுவ இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கம்பைல் செய்து தயாராக வைத்திருக்கும் பேக்கேஜை இறக்கிக்கொள்வது. மற்றொன்று, 1994-இல் ஜோர்டன் ஹப்பர்ட் தொடங்கிவைத்த ‘போர்ட்ஸ்’ தொகுப்பைக் கொண்டு நாமே கட்டிக்கொள்வது. மூலநிரலை எங்கே எடுப்பது, அது கலப்படமில்லாததா என்று எப்படிச் சரிபார்ப்பது, என்னென்ன திருத்தங்கள் செய்வது, எந்த லைப்ரரிகள் வேண்டும் என்பதையெல்லாம் சொல்லும் குறிப்புதான் ஒரு போர்ட். இன்று 30,000-க்கு மேல் இருக்கின்றன.

ஆயத்தப் பேக்கேஜ்களும் இதே போர்ட்ஸிலிருந்து கட்டப்படுபவைதான். இரண்டுக்கும் மூலம் ஒன்று என்பதால், கலந்தால் என்ன என்று பலரும் இறங்கிவிடுகிறார்கள். கலக்க வேண்டிய தேவையும் நியாயமானதே. பேக்கேஜ் பொதுவான தெரிவுகளோடு வருகிறது. நமக்கு வேண்டிய ஒரு வசதி அதில் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. புதிதாக நிறுவிய ஃப்ரீபிஎஸ்டி வெளியீடு, பேக்கேஜ்களைக் காலாண்டுக் கிளையிலிருந்து எடுக்கிறது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் பிரியும் அந்தக் கிளையில், பிரிந்த பிறகு வருபவை பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்கள்தான். போர்ட்ஸை ‘கிட்’ என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி மூலம் இறக்குபவர்களோ வழக்கமாக முதன்மைக் கிளையை எடுத்துவிடுகிறார்கள். அது நாள்தோறும் மாறுவது. அப்போது ஒரே இயந்திரத்தில் இரண்டு வெவ்வேறு தேதிகள் குடியேறுகின்றன.

ஐசியூ என்ற லைப்ரரியை எடுத்துக்கொள்வோம். யூனிகோடு எழுத்துகளைக் கையாள்வதும், தமிழ் உட்படப் பல மொழிச் சொற்களை அகரவரிசைப்படுத்துவதும் இதன் வேலை. ஆண்டுக்கு இருமுறை பெரிய பதிப்பு வரும். ஒவ்வொரு முறையும் கோப்பின் பெயரிலுள்ள எண்ணே மாறும். 73-ஐ நம்பிக் கட்டிய போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் 73-ஐத்தான் கேட்கும், 74 இருந்தாலும் திரும்பிப் பார்க்காது. இப்போது போஸ்ட்ஃபிக்ஸ் அஞ்சல் சர்வரை நம் விருப்பத் தெரிவுகளோடு போர்ட்மாஸ்டர் கருவியால் கட்டுகிறோம். அதுவும் ஐசியூவைப் பயன்படுத்தும். இருக்கும் ஐசியூ பழையது என்று கண்ட கருவி, 74-ஐக் கட்டி நிறுவி, 73-ஐ அகற்றிவிடுகிறது. டேட்டாபேஸ் அப்போதே விழாது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பிடித்திருக்கும் கோப்பை அழித்தாலும், அந்த நிரல் நிற்கும்வரை யூனிக்ஸ் அதை விட்டுவைக்கும். அடுத்த முறை இயந்திரத்தை ஏற்றும்போதுதான் குட்டு வெளிப்படும். டேட்டாபேஸைப் புதிய ஐசியூவோடு மறுபடி கட்டி எழுப்பினாலும் வேலை தீராது. வரிசை விதிகள் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடும் என்பதால், ஐசியூ வரிசையில் அமைத்த இண்டெக்ஸ்களையும் புதிதாகக் கட்ட வேண்டும். இதைத் தவறவிட்டால் அட்டவணையில் இருக்கும் பெயர் தேடலில் சிக்காமல் போகலாம். என் கணக்கில் நின்றுபோன டேட்டாபேஸைவிட இது மோசம். நின்றது கண்ணுக்காவது தெரியும்.

எதிர்த்திசையிலும் அடி விழும். நாம் பார்த்துப் பார்த்துக் கட்டிய மென்பொருளை, வழக்கமான பேக்கேஜ் மேம்படுத்தல் பொதுத் தெரிவுள்ள பேக்கேஜால் மாற்றிவிடலாம். அதைத் தடுக்க ‘லாக்’ கட்டளை உண்டு. ஆனால் லாக் போட்டதை மறந்தால் பாதுகாப்புத் திருத்தமும் வாசலிலேயே நின்றுவிடும்.

கலக்கவே கூடாது என்று அனுபவசாலிகள் பலர் சொல்வார்கள். அவ்வளவு கடுமை தேவையில்லை என்பது என் கருத்து. போர்ட்ஸையும் அதே காலாண்டுக் கிளையிலிருந்து எடுத்தால் பெரும்பாலான மோதல்கள் எழவே எழா. நாலைந்து மென்பொருள்களுக்கு மேல் கட்ட வேண்டியிருந்தால் பூத்ரியேர் கருவி இருக்கிறது. பேக்கேஜ் நிர்வாக நிரலான ‘பிகேஜி’யை உருவாக்கிய பாப்டிஸ்ட் தாருசின் எழுதியது இது. ஃப்ரீபிஎஸ்டியின் ‘ஜெயில்’ என்னும் தனித்த சூழலுக்குள், ஓடும் சர்வரைத் தொடாமல், எல்லாவற்றையும் ஒரே தேதி மூலத்திலிருந்து கட்டி நமக்கென்று ஒரு பேக்கேஜ் கிடங்கையே அமைத்துத் தரும். அதன் புதிய பதிப்புகள், தெரிவுகள் மாறாதவற்றை அதிகாரபூர்வக் கிடங்கிலிருந்தே எடுத்துக்கொண்டு மீதியை மட்டும் கம்பைல் செய்யும்.

முதல் போர்ட்டைக் கட்டும் முன் ‘பிகேஜி’யின் அமைப்பு விவரத்தில் கிடங்கு முகவரியைப் பாருங்கள். அங்கே காலாண்டுக் கிளை என்றிருந்தால், போர்ட்ஸையும் அந்தக் கிளையிலிருந்தே இறக்குங்கள்.