சுரூபம் எப்போது வரும்?



தண்டலத்தில் ஷிப்ட் பேருந்துக்காக நிற்கும் நமக்கு நேரத்தின் அருமை தெரியும். பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் கார்கள் வரிசையாக வெளிவருகின்றன. எல்லாம் நிமிடக் கணக்கு. அதே பழக்கத்தில்தான், முன்பு பணியாற்றிய பங்கில், மாமல்லபுரத்துச் சிற்பி ஒருவரிடம் நாங்கள் போய் நின்றோம். ஐந்தடி உயரச் சூசையப்பர் சுரூபம், கருங்கல்லில், மே 1 தொழிலாளர் திருவிழாவுக்குள் வேண்டும் என்றோம். அப்போது ஜனவரி மாதம். "ஃபைபர்னா முடியும் ஃபாதர். கல்லுன்னா கிறிஸ்துமஸுக்குத்தான்" என்றார் அவர்.

அத்தனை மாதமும் எதற்கு? முதலில் வரைபடம். முகம், கையிலுள்ள கருவி, அங்கியின் மடிப்பு எல்லாவற்றையும் தாளில்தான் மாற்ற முடியும். அடுத்து கல். தட்டிப் பார்த்தால் மணிபோல் ஒலிக்க வேண்டும். மந்தமான ஒலி வந்தால் உள்ளே குறை இருக்கலாம். பிறகு காவிக் கோடு போட்டு அளவு குறிப்பார்கள். வேண்டாத பகுதியைப் பெரிய உளியால் தள்ளி, உருவத்தை மெல்ல வெளியே கொண்டுவந்து, கடைசியில் முகமும் விரலும் செய்து, தேய்த்து மெருகேற்றுவார்கள். மழுங்கிய உளிகளை அடிக்கடி உலையில் காய்ச்சித் தீட்ட வேண்டும். கூடுதலாகச் செதுக்கிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் முகத்தை நெருங்க நெருங்க கை நிதானமாகிறது.

பெரிய வேலைகளும் இப்படித்தான். உரோமையில் மரியன்னை மடியில் இயேசு கிடக்கும் 'பியத்தா' சிலைக்கு 1498 ஆகஸ்டில் ஒப்பந்தம் எழுதினார்கள், கெடு ஓராண்டு. ஆனால் அதற்கு முன்பே மைக்கலாஞ்சலோ பளிங்குக்காகக் கராரா மலைக்குப் போய்வந்திருந்தார். கன்னியாகுமரியில் கணபதி ஸ்தபதி அமைத்த 133 அடி வள்ளுவர் சிலைக்கு 1979-இல் அடிக்கல் நாட்டினார்கள். வேலை தொடங்கியது 1990-இல், திறப்பு 2000 ஜனவரி 1-இல். உளி தொடுவதற்கு முன்பே 11 ஆண்டுகள் போயிருந்தன.

எங்கள் கதைக்கு வருவோம். ஜூன் மாதம் சிற்பி அழைத்தார். தோளருகே மயிரிழை போல ஒரு விரிசல். "பேஸ்ட் வைத்து அடைத்தால் யாருக்குத் தெரியும்?" என்று எங்களில் சிலர் கேட்டோம். "இன்னைக்குத் தெரியாது ஃபாதர். இருபது வருஷம் வெயில்லயும் மழையிலயும் நின்னா தெரியும். பிள்ளைங்க கும்பிடறப்போ கை விழக் கூடாது" என்றார். தம் செலவிலேயே வேறு கல் வாங்கினார்.

கிறிஸ்துமஸுக்குப் பீடம் காலியாக நின்றது. முன்பணம் என்ன ஆயிற்று என்று நன்கொடை தந்தவர்கள் கேட்டார்கள். பட்டறைக்கு வந்து பார்க்கும்படி அவர்களை அழைத்துப் போனோம். கைவிட்ட கல்லையும், அதன் பக்கத்தில் பாதி முகத்தோடு நின்ற புதுக்கல்லையும் பார்த்துவிட்டு மௌனமாகத் திரும்பினார்கள். அடுத்த ஏப்ரலில் சுரூபம் வந்தது: மொத்தம் 15 மாதங்கள்.

கல் சுரூபம் செய்ய நினைக்கும் பங்குகளுக்கு ஒரு வார்த்தை: திருவிழாவுக்கு ஒன்றரை ஆண்டு முன்பே பேசுங்கள். பணத்தை வேலைக்கேற்பத் தவணையாகக் கொடுங்கள். இடையிடையே மக்களோடு போய்ப் பாருங்கள். கொடியேற்ற நாளைச் சொல்லிச் சிற்பியை விரட்டாதீர்கள்.

சூசையப்பரும் கைத்தொழில் செய்து பிழைத்தவர்தான். யாரும் பார்க்காத விரிசலையும் மறைக்காத மனத்தை, ஆலையில் உழைக்கும் நமக்கும் இறைவன் தருவாராக.