நாணயம் பேசும் கதை – 14: யாரும் வாங்காத டாலர்

அமெரிக்க நினைவு டாலர்களைச் சேர்க்க ஆசைப்படுபவர்கள் முதலில் கேட்பது, "இதில் ரொம்பப் பழசு எது?" என்றுதான். இந்த வரிசையில் வயதை வைத்து விலை சொல்ல முடியாது. வெளிவந்த நாளில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதுதான் கணக்கு.

1954-ல் நின்றுபோன நினைவு நாணயங்களை, ஜார்ஜ் வாஷிங்டனின் 250-வது பிறந்த ஆண்டையொட்டி 1982-ல் அரை டாலராக மீண்டும் தொடங்கினார்கள். அடுத்த வருடம் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸுக்காக முதல் வெள்ளி டாலர் வந்தது. 26.73 கிராம் எடை, 38.1 மில்லிமீட்டர் விட்டம், 90 சதவிகிதம் வெள்ளி. அதாவது, கையில் பிடித்தால் 24 கிராம் சுத்த வெள்ளி. (2019 முதல் 99.9 சதவிகிதம்.)

1986-ல் சுதந்திர தேவி சிலையின் நூற்றாண்டு டாலர் வந்தபோது அமெரிக்காவே திரண்டு வாங்கியது. பளபளப்பான ப்ரூஃப் வகை மட்டும் 64 லட்சத்துக்கு மேல் விற்றது. அதனால்தான் இன்றும் அது வெள்ளி விலையை ஒட்டியே கிடைக்கிறது. தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அழகான நாணயம், கையைக் கடிக்காத விலை.

நினைவு டாலர் ஒவ்வொன்றுக்கும் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்ற வேண்டும். விலையோடு சேர்த்து வசூலிக்கும் கூடுதல் தொகை, வழக்கமாக 10 டாலர், ஏதாவது ஒரு பொதுக் காரியத்துக்குப் போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால், 'எங்களுக்கும் ஒரு நாணயம்' என்று ஆளாளுக்குக் கேட்கத் தொடங்கியதும் நாணயங்கள் குவிந்தன. அட்லாண்டா ஒலிம்பிக்ஸுக்கு மட்டும் 1995, 96-ல் எட்டு வெள்ளி டாலர்கள். ஒவ்வொன்றிலும் ப்ரூஃப், சாதாரணம் என இரண்டு வகை. சேகரிப்பாளர்கள் களைத்துப் போனார்கள். பாராலிம்பிக்ஸுக்காக, சக்கர நாற்காலியில் விரையும் வீரரைப் பொறித்த 1996 டாலரின் சாதாரண வகை 14,497 மட்டுமே விற்றது. அன்று சீந்துவாரில்லாத அதைத்தான் இன்று தேடித் தேடி வாங்குகிறார்கள். நொந்துபோன அரசு, 1999 முதல் வருடத்துக்கு இரண்டு நிகழ்வுகளுக்கு மேல் கூடாது என்று சட்டமே போட்டது.

முழு வரிசையையும் சேர்த்துவிட வேண்டும் என்று இறங்காதீர்கள். ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்: விளையாட்டு, விண்வெளி, போர்வீரர்கள், எதுவானாலும் சரி. எனக்கு மிகப் பிடித்தது 2009-ன் லூயி பிரெய்ல் டாலர். பார்வையற்றோருக்கான புள்ளி எழுத்தை உருவாக்கிய அவருடைய 200-வது பிறந்த ஆண்டுக்கு வந்தது. பின்பக்கத்தில் ஒரு சிறுவன் புத்தகத்தை விரல்களால் வாசிக்கிறான். அவனுக்கு மேலே பிரெய்ல் புள்ளிகள் எழும்பி நிற்கின்றன. பார்வையற்றவர் தடவி வாசிக்கும் அளவிலேயே அந்தப் புள்ளிகளை அச்சிட்ட முதல் அமெரிக்க நாணயம் அது. யாரைக் கொண்டாடுகிறோமோ அவருடைய மக்களே படிக்கும்படி செய்த அந்த அக்கறைக்கு முன்னால் விலையெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரிவதில்லை.

வாங்கியதைத் துடைக்காதீர்கள். மென்மையான துணிகூட ப்ரூஃப் பரப்பில் கீறல் போட்டுவிடும். மின்ட் (நாணயச் சாலை) தந்த காப்ஸ்யூலிலேயே இருக்கட்டும். பி.வி.சி. உறையில் போட்டால் நாளடைவில் பச்சைப் பிசுக்குப் படியும். பெட்டியையும் சான்றிதழையும் தூக்கி எறிய வேண்டாம், விற்கும்போது கேட்பார்கள்.

வாங்குமுன் மின்ட் எழுத்தை, அதாவது நாணயம் எந்த மின்டில் அச்சானது என்று காட்டும் எழுத்தைக் கேளுங்கள். பி என்றால் பிலடெல்பியா, டி என்றால் டென்வர், எஸ் என்றால் சான் பிரான்சிஸ்கோ, டபிள்யூ என்றால் வெஸ்ட் பாயிண்ட். நான் சொன்ன சக்கர நாற்காலி டாலரில் அரியது டென்வரின் 'டி'. அதே படத்தோடு 'பி' எழுத்திட்ட ப்ரூஃப் 84,000-க்கு மேல் இருக்கிறது. விற்பவர் இரண்டையும் 'பாராலிம்பிக்ஸ் டாலர்' என்றே சொல்வார். எழுத்தைப் படத்தில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

(தொடரும்)