பச்சைமலைக்குப் போகும் மாணவர்களுக்கு மூன்று பாடங்கள்

திருச்சி எடமலைப்பட்டி புதூரிலிருந்து துறையூர் போய் பச்சைமலை ஏறினால் டாப் செங்காட்டுப்பட்டி. மரவள்ளி போட்டுப் பிழைக்கும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் சுற்றிலும் உண்டு. முகாமுக்கும் கள ஆய்வுக்கும் மலையேறும் கல்லூரி மாணவர்கள் அவர்களுக்குக் கைகொடுக்க நினைத்தால் எங்கே தொடங்குவது?

முதலில் பட்டியலைப் பாருங்கள். திருச்சி மாவட்ட மலையாளிகள் எஸ்.டி. பட்டியலில் இருக்கிறார்கள். ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகளோ, மாவட்டத்தின் பெயர் பட்டியலில் இல்லாததால் வெளியே நிற்கிறார்கள். நரிக்குறவரையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாம் என்று 1965-லேயே மத்திய அரசின் லோகூர் குழு பரிந்துரைத்தது. நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியதோ 2022 டிசம்பரில். திருச்சியை அடுத்த தேவராயநேரி நரிக்குறவர் பிள்ளைகளும் அதுவரை காத்திருந்தார்கள். ஆகவே எந்தக் காகிதம் எந்த அலுவலகத்தில் நிற்கிறது என்று ஊரைக் கேட்டுவிட்டு ஆய்வுத் தலைப்பை முடிவு செய்யுங்கள்.

அடுத்தது சான்று. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வன நிலத்தில் பயிர் செய்துவரும் பழங்குடிக் குடும்பம், 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். பத்திரம் இல்லையே என்று சோர வேண்டாம். மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர் சொல்வதை எழுதிவைத்தால் அதுவும் சான்றுதான். பழைய கிணறு, சுடுகாடு, சாமி இருக்கும் இடம் எல்லாமே கணக்கில் வரும். ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வேண்டும், அவ்வளவே. மாணவர்களுக்கு இங்கே நிறைய வேலை இருக்கிறது. எந்த ஓடை எல்லை, யார் காலத்தில் காடு திருத்தினார்கள் என்பதைப் பெரியவரின் பேச்சிலேயே எழுதுங்கள். வாசித்துக் காட்டி, அவர் சொல்லும் திருத்தத்தைப் போடுங்கள். நகல் ஊரில் இருக்கட்டும்.

மூன்றாவது, கிராம சபை. உரிமை மனு முதலில் வருவது அங்கேதான். 2013-ல் உச்ச நீதிமன்றம் ஒடிசாவின் நியமகிரி பாக்சைட் சுரங்க விவகாரத்தைக் கிராம சபைகளின் முடிவுக்கு விட்டது. கூடிய 12 சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. சபையில் பேச வேண்டியவர்கள் ஊர்க்காரர்கள். மாணவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்தால் போதும்.

செமஸ்டர் முடிந்தால் மாணவர்கள் கிளம்பிவிடுவார்கள். மனு வருஷக்கணக்கில் நடக்கும். அதனால் மலையிலேயே படித்த இளைஞர் இரண்டு பேரை முதல் நாளிலிருந்து கூட வைத்துக்கொண்டு, படிவம் நிரப்புவதையும் ஒப்புகைச் சீட்டு வாங்குவதையும் அவர்கள் கையில் ஒப்படைத்துவிட்டு இறங்குங்கள்.