வண்டின் மூளையைப் பொருத்துபவர்கள்

கடந்த நத்தார் விடுமுறையில் வலிகாமத்தின் கரையோரக் கிராமமொன்றில் ஒரு குடும்பத்தைச் சந்தித்தோம். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வன்னிக்குச் சென்று, போர் முடிந்தபின் ஊர் திரும்பிய குடும்பம் அது. வன்னியில் பிறந்த மகன் இன்று சென்னையில் பொறியியலாளர். ஆளில்லாமல் தானாகப் பறக்கும் ட்ரோன்களுக்கு இலத்திரனியல் கருவிகளைப் பொருத்தி ஒருங்கிணைப்பது அவர் தொழில். தாய்க்கோ அந்தத் தொழிலில் மகிழ்ச்சி இல்லை.

“சுவாமி, அந்த வண்டு சுத்திச் சுத்திப் போனா பின்னால ஷெல் வரும் எண்டு பங்கருக்குள்ள ஓடின ஆக்கள் நாங்கள். இவன் இப்ப அதைத்தான் செய்யிறன் எண்டு சொல்லுறான்” என்றார் அவர்.

வேவு விமானத்திற்கு எம்மக்கள் வைத்த பெயர் வண்டு. அதன் இரைச்சல் இன்றும் பலரது நெஞ்சில் உறைந்து கிடக்கிறது. ஆகவே, இத்தொழிலைப் பற்றி எழுதுமுன் அந்தத் தாயின் அச்சத்தை நாம் மதிக்க வேண்டும். அதே வேளை, மகன் உண்மையில் என்ன செய்கிறார் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும்.

ஒருங்கிணைப்பு என்றால் என்ன?

ட்ரோனின் உடலை ஒருவர் செய்கிறார். மோட்டரை இன்னொருவர் செய்கிறார். கணினி நிரலை வேறொருவர் எழுதுகிறார். தனித்தனியே இவை யாவும் நன்றாக வேலை செய்யும். ஒன்றாகச் சேர்த்தவுடன் சண்டை தொடங்கும். அந்தச் சண்டையைத் தீர்த்து வைப்பவரே ஒருங்கிணைப்புப் பொறியியலாளர்.

ட்ரோனின் நடுவே தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிதான ஒரு பலகை இருக்கிறது. அதுவே மூளை. சரிவையும் சுழற்சியையும் அறியும் உணரிகள், உயரத்தைக் கணிக்கும் காற்றழுத்தமானி, திசையறி கருவி, செய்மதிகளிடமிருந்து இடத்தை அறியும் ஜி.பி.எஸ். ஆகிய அனைத்தும் நொடிக்குப் பலமுறை அதற்குச் செய்தி அனுப்புகின்றன. அச்செய்திகளை ஒப்பிட்டு, எதை எவ்வளவு நம்புவது என்று தீர்மானித்து, மோட்டர்களுக்கு அது கட்டளையிடுகிறது.

பற்றரி வயரைத் திசையறி கருவிக்கு அருகே கொண்டுபோனால் என்ன நடக்கும்? மருந்து தெளிக்கும் ட்ரோன் ஒன்றின் மோட்டர்கள் பெருமளவு மின்னோட்டத்தை இழுக்கின்றன. மின்னோட்டம் காந்தப் புலத்தை உண்டாக்கும். கருவி வடக்கை மறந்துவிடும். நிலையாக நிற்க வேண்டிய ட்ரோன் வட்டமடித்து, வட்டம் பெருத்து, இறுதியில் எங்காவது மோதும். இதனாலேயே அக்கருவியை ஒரு சிறு தண்டின்மேல் உயர்த்தி வைக்கிறார்கள். மின்வயர்களை முறுக்கிக் கட்டுகிறார்கள். இறக்கைகளின் அதிர்வு உணரிகளைக் குழப்பாதபடி மூளைப் பலகையை மென்மையான தாங்கிகள்மேல் இருத்துகிறார்கள்.

“பாதர், முக்கால்வாசி நேரம் வயரோடதான் மாரடிக்கிறம்” என்று அந்த இளைஞர் சிரித்தார்.

வானொலித் தொடர்பு அறுந்தால் என்ன செய்வது, பற்றரி குறைந்தால் எங்கே இறங்குவது என்பவற்றையும் முன்கூட்டியே தீர்மானித்து, ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே பழுதாக்கிச் சோதிக்கிறார்கள். முதலில் கணினிக்குள் பறக்க விடுவார்கள், பிறகு இறக்கைகளைக் கழற்றிவிட்டு மேசைமேல் இயக்கிப் பார்ப்பார்கள், கடைசியில்தான் வெளி.

தும்பாவின் தேவாலயம்

இத்தொழில் எமக்கு அந்நியமானதல்ல. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், சென்னை குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் கற்றவர். 1963 நவம்பர் 21இல் கேரளத்தின் தும்பாவிலிருந்து முதல் ரொக்கெட் ஏவப்பட்டபோது, அதன் ஒருங்கிணைப்பும் பாதுகாப்பும் அவரது பொறுப்பில் இருந்தன. அந்த ரொக்கெட் பொருத்தப்பட்ட இடம் புனித மகதலா மரியாள் தேவாலயம். விக்ரம் சாராபாய் கேட்டபோது ஆயர் பீற்றர் பேர்ணாட் பெரெய்ரா, மக்களுடன் கலந்து அதனை விட்டுக்கொடுத்தார். கடற்றொழில் செய்து வாழ்ந்த குடும்பங்கள் தம் இடத்தை விட்டு நகர்ந்தன. அறிவியலுக்கான விலையை அங்கும் எளிய மக்களே செலுத்தினர் என்பதை நாம் மறத்தலாகாது.

தும்பாவைத் தெரிவு செய்ததற்குக் காரணம், காந்த நடுக்கோடு அதனருகே செல்வதாகும். யாழ்ப்பாணமும் அக்கோட்டிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. இப்பகுதியில் சூரியன் மறைந்தபின் சில மாலைகளில் மேல்வளிமண்டலம் குழம்பி, செய்மதிச் சமிக்ஞை தடுமாறும். ஐரோப்பாவில் ஒழுங்காகப் பறந்த ட்ரோன் இங்கும் அவ்வாறே பறக்கும் என்று எடுத்த எடுப்பில் நம்ப முடியாது. எமது உப்புக்காற்று மின்னிணைப்புகளை அரிக்கும்; சோளகக் காற்று பற்றரியைத் தின்னும். எமது மண்ணை அறிந்த பொறியியலாளர் எமக்குத் தேவைப்படுவது இதனாலேயே.

கலாம் கற்ற அதே எம்.ஐ.டி.யில் உருவான ‘தக்ஷா’ குழு, 2018இல் அவுஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. ருவாண்டாவில் 2016 முதல் ட்ரோன்கள் மருத்துவமனைகளுக்கு இரத்தம் கொண்டு செல்கின்றன. நெடுந்தீவை நினைத்துப் பாருங்கள். குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. நோயாளியை ட்ரோன் சுமக்காது. ஆனால் மருந்தையும் இரத்த மாதிரியையும் சுமக்கும்.

இரு முனைக் கத்தி

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் சேர்ந்து எழுதி இலவசமாக வழங்கும் ‘ஆர்டுபைலட்’ என்ற நிரல், பயிருக்கு மருந்தடிக்கவும் காணாமற் போனோரைத் தேடவும் பயன்படுகிறது. 2025 ஜூன் 1இல் உக்ரைன், ரஷ்ய விமானத் தளங்களைத் தாக்கிய ட்ரோன்களிலும் அதுவே இருந்ததாகச் செய்திகள் கூறின. பலகை ஒன்று, நிரல் ஒன்று. சுமப்பது மருந்தா குண்டா என்பதைப் பலகை அறியாது, பொருத்துபவர் அறிவார். “எதைப் பொருத்துகிறேன், யாருக்காக?” என்று கேட்கும் மனச்சாட்சியும் இத்தொழிலின் ஒரு பாகமே.

இளைஞர்களுக்கு ஒரு சொல். பௌதிகத்தையும் கணிதத்தையும் ஊன்றிப் படியுங்கள். ஈயப்பற்று வைக்கப் பழகுங்கள். மேற்சொன்ன நிரலைச் சாதாரண கணினியிலேயே இயக்கி, ட்ரோன் இல்லாமலே பறக்கப் பழகலாம். உண்மையான ட்ரோனைப் பறக்க விடுமுன், சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளைக் கேட்டறியுங்கள். 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

விடைபெறும் வேளையில் அந்தத் தாய் மகனிடம் கேட்டார்: “தம்பி, மருந்தோட வாறதுக்கு வேற சத்தம் வைக்கேலாதோ?”

இளைஞர் சற்று மௌனமாக இருந்தார். பிறகு, பெரிய இறக்கைகளை மெதுவாகச் சுழல விட்டால் இரைச்சல் தணியும், சுருதியும் மாறும் என்றும், அதற்கேற்ப மோட்டரையும் பற்றரியையும் மீளக் கணிக்க வேண்டியிருக்கும் என்றும் விளக்கினார். “செய்து பாக்கலாம் அம்மா” என்றார்.

எந்தப் பாடநூலிலும் இல்லாத ஒரு தேவையை அந்தத் தாய் எடுத்துக் கூறிவிட்டார். மக்களின் காயத்தைக் கேட்டறிந்து வடிவமைக்கப்படும் தொழினுட்பமே மக்களுடையதாகும். எம் பிள்ளைகள் அதைக் கற்கட்டும். கற்கும்போது தாய்மாரின் கேள்விகளையும் கேட்கட்டும்.