அழித்தாலும் அழியாத எண்

பழைய கார் ஒன்று கைமாறும்போது, அதன் சேஸிஸ் எண்ணின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். நாணயத்தின்மேல் தாளை வைத்துத் தேய்க்கும் பிள்ளை விளையாட்டுத்தான் அது. தாளில் விழும் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால், வண்டியில் உள்ள எண்ணையே ஒருவர் அரத்தால் ராவிவிட்டு வேறு எண்ணை அடித்திருந்தால் என்ன செய்வது?

தம்மம்பட்டியில் எங்கள் தெருக்காரர் ஒருவர் அம்பாஸடர் கார் ஒன்றை விலை பேசிவிட்டு, முன்பணம் கொடுக்கும் முன் என்னை அழைத்துக் காட்டினார். "சார், கண்ணாடி எல்லாவற்றிலும் 7 என்று போட்டுப் பக்கத்தில் புள்ளி வைத்திருக்கிறதே, அது என்ன?" என்பது அவர் கேள்வி. நல்ல கேள்விதான். 1950களின் இறுதி முதல் 2014 வரை உத்தரபாராவில் தயாரான அந்தக் காரின் உருவம் பெரிதாக மாறவே இல்லை. தோற்றத்தைக் கொண்டு வயதைச் சொல்வது கடினம். உறுப்புகளில் உள்ள குறிகளைத்தான் கேட்க வேண்டும்.

கண்ணாடித் தொழிற்சாலைகள் பலவற்றில் வழங்கும் முறை இது: இலக்கம் ஆண்டின் கடைசி எண். புள்ளிகள் அதற்கு முன்னால் இருந்தால் ஆண்டின் முற்பாதி. பின்னால் இருந்தால் பிற்பாதி. முன்னால் ஆறு புள்ளி ஜனவரி, ஐந்து பிப்ரவரி, இப்படிக் குறைந்து ஒரு புள்ளி ஜூன். பின்னால் ஆறு புள்ளி ஜூலை. ஒரு புள்ளி டிசம்பர். ஏன் குறைந்துகொண்டே வருகிறது? அச்சுத் திரையில் மாதம் ஒரு புள்ளியை அடைத்துவிட்டால் போதும், புதுத் திரை செய்ய வேண்டாம் என்ற சிக்கனம்தான். எல்லா நிறுவனங்களும் இதே முறையைப் பின்பற்றுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

7 என்றால் 1987ஆ, 1997ஆ? ஆர்.சி. புத்தகமோ 1992 என்றது. 1987இல் செய்த கண்ணாடி ஐந்தாண்டு காத்திருந்து ஒரு புதுக் காரில் ஏறியிருக்குமா? நம்புவது கடினம். 1997 என்றால் பின்னாளில் மாற்றியிருக்க வேண்டும். ஒரு கண்ணாடி மாறியிருந்தால் அது சாதாரணம். கல் பட்டு உடைந்திருக்கும். முன்னும் பின்னும் நான்கு கதவுகளிலுமாக ஆறு கண்ணாடிகளும் ஒரே மாதத்தைச் சொன்னால், ஒன்று வண்டி உருண்டிருக்க வேண்டும்; அல்லது அந்த உடலே வேறு வண்டியுடையதாக இருக்க வேண்டும். கூரையில் டிங்கர் வேலையின் சுவடு எதுவும் இல்லை. சேஸிஸ் எண் இருந்த இடமோ சுற்றிலும் உள்ளதைவிடச் சற்றுப் பள்ளமாக, புது வர்ணத்துடன் இருந்தது. இலக்கங்களும் ஒரே ஆழத்தில் இல்லை.

(டயரில் கடைசி நான்கு இலக்கம் வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஆனால் தேய்ந்து மாறும் டயர் வண்டியின் வயதைச் சொல்லாது. இன்றைய கார்களில் 17 இடங்கள் கொண்ட எண் உண்டு. ஒன்று, பூச்சியம் ஆகியவற்றோடு குழம்பக்கூடும் என்பதால் ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் அதில் வருவதில்லை.)

இனி நம் கேள்விக்கு வருவோம். ராவிய எண்ணை மீட்க முடியுமா? பெரும்பாலும் முடியும்.

இரும்பு நுண்ணிய படிகக் குருணைகளால் ஆனது. ஒவ்வொரு குருணையிலும் அணுக்கள் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. ஆங்காங்கே ஒரு வரிசை பாதியில் நின்றுவிடும். இந்தக் குறையை டிஸ்லொகேஷன் என்பர். உலோகம் நசுங்குவது இக்குறைகள் நகர்வதால்தான் என்று 1934இல் டெய்லர், ஒரோவான், போலானி ஆகிய மூவரும் தனித்தனியே கூறினர். எண் அச்சை வைத்துச் சுத்தியலால் அடிக்கும்போது இக்குறைகள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. காய்ச்சி ஆற விட்ட இரும்பில் ஒரு சதுர சென்டிமீட்டரை ஊடுருவும் குறைகள் 10 லட்சம் முதல் 10 கோடி வரை. கடுமையாக நசுங்கிய இரும்பிலோ 10,000 கோடிக்கும் மேல்! கட்டுக்கம்பியை ஒரே இடத்தில் மடக்கி நிமிர்த்தினால் அந்த இடம் இறுகி, பிறகு ஒடிகிறதல்லவா? அதற்கும் இதுவே காரணம்.

இந்தச் சிக்கல் பள்ளத்தின் அடியோடு நிற்பதில்லை. அதற்குக் கீழும் பரவியிருக்கிறது. அரம் பிடித்தவன் எண் கண்ணுக்கு மறைந்ததும் நிறுத்திவிடுகிறான். கீழே நசுங்கிய இரும்பு எண்ணின் வடிவிலேயே இருக்கிறது.

இதுபோன்ற ஒன்றை நீங்கள் மரத்தில் செய்து பார்க்கலாம். எங்கள் ஊர் மரச்சிற்பக் கூடங்களில் தூங்குமூஞ்சி வாகைத் துண்டுகள் கிடக்கும். உங்கள் ஊரில் எந்த மென்மரமும் போதும். மழுங்கிய ஆணியால், நார் கிழியாமல் அழுத்தி 7 என்று எழுதுங்கள். உப்புத்தாளால் தேய்த்துப் பள்ளத்தை முழுதும் மட்டமாக்குங்கள். இப்போது வெந்நீரில் நனையுங்கள். மறைந்துபோன 7 மெல்லப் புடைத்து எழும்! நசுங்கிய மர அணுவறைகள் நீரை உறிஞ்சி உப்புவதால் இது நிகழ்கிறது.

இரும்பு உப்பாது, ஆனால் கரையும். நசுங்கிய பகுதியில் ஆற்றல் தேங்கியிருப்பதால் அது அமிலத்தில் வேகமாக அரிக்கப்படும். தடய அறிவியலார் அந்த இடத்தைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, காப்பர் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நீரும் கலந்த கரைசலைப் பஞ்சால் தடவுவார்கள். பழைய எண் நிழல்போல் தோன்றும். சில வேளை நெடுநேரம் நிற்காது. உடனே படம் எடுத்தாக வேண்டும். இதை நீங்கள் வீட்டில் முயல வேண்டாம். அமிலத்தின் ஆபத்து ஒருபுறம். சான்றையே கெடுத்துவிடலாம் என்பது மறுபுறம்.

எண் இருந்த இடத்தை ஆழமாக ராவினாலோ, வெல்டிங் வைத்துப் பழுக்கக் காய்ச்சினாலோ இந்த முறை தோற்கும். வெப்பத்தில் படிகங்கள் புதிதாக உருவாகி, அடிபட்ட நினைவு போய்விடும். பாத்திரக்காரர் அடித்து இறுகிய செம்பை நெருப்பில் காட்டி மீண்டும் இளக்குகிறாரே, அதே கதைதான்.

விற்க வந்தவரிடம், எண்ணைச் சோதித்த பிறகு பணம் தருவதாகத் தெருக்காரர் சொன்னார். மறுநாள் வண்டி அங்கே இல்லை. பதிவு எண்ணைக் குறித்து வைத்திருந்ததால், காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.