நியூயார்க் எவ்வளவு தூரம்?

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் சுமார் 15,300 கிலோமீட்டர் என்பார் ஒருவர். இல்லை, 16,700 என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் சரிதான்.

முதல் கணக்கு, பூகோள உருண்டையின்மேல் நூலை இழுத்துப் பிடித்து அளந்தால் கிடைக்கும் ஆகக் குறைந்த தூரம். அந்த நூல் வடதுருவத்தை ஒட்டிச் செல்லும். சுவரில் மாட்டிய தட்டையான வரைபடத்தைப் பார்த்தே பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். இரண்டாவது, 2018 அக்டோபரில் நியூயார்க்கை அடுத்துள்ள நுவார்க் விமான நிலையத்துக்கு இடைநில்லாச் சேவையை மீண்டும் தொடங்கியபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அறிவித்த தூரம்.

ஏன் சுற்றிப் போக வேண்டும்? காற்றுதான் காரணம். சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகக் கடுங்காற்று வீசுகிறது. மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. பசிபிக் கடலுக்கு மேலே அந்தக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு பறந்தால், தூரம் கூடினாலும் நேரம் குறையும். அதனால் பாதை ஒவ்வொரு நாளும் காற்றைப் பார்த்தே முடிவாகிறது. ஆகாயத்தில் தூரத்தைவிட நேரமே முக்கியம். அந்த நேரம் ஏறக்குறைய பதினெட்டரை மணி.

அவ்வளவு நேரம் பறக்கத் தேவையான எரிபொருளைச் சுமக்கவே பெருமளவு எரிபொருள் செலவாகும். 2004ல் தொடங்கிய முதல் சேவை நான்கு எஞ்சின் விமானத்தில் நடந்தது. எண்ணெய் விலை உயர்ந்த நிலையில் கட்டுப்படியாகாமல் 2013ல் அது நின்றுபோனது. இப்போது பறப்பது இரண்டு எஞ்சின் கொண்ட ஏர்பஸ் ஏ350. அதிலும் 161 இருக்கைகளே உண்டு. அதே நிறுவனத்தின் வழக்கமான நெடுந்தூர ஏ350 விமானத்தில் 253 இருக்கைகள். இடைநில்லா விமானத்தில் சிக்கன வகுப்பே கிடையாது. கட்டணம் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

கடிகாரக் கணக்கும் பலரைக் குழப்புகிறது. நியூயார்க் நமக்குக் கோடையில் 12 மணி நேரமும் குளிர்காலத்தில் 13 மணி நேரமும் பின்தங்கியது. கோடையில் இங்கு நண்பகல் புறப்பட்டால், அங்கு அதே நாள் மாலை ஆறரைக்கு இறங்கலாம். திரும்பும்போது அங்கு நண்பகல் புறப்பட்டால், இங்கு வந்து சேர மறுநாள் மாலை ஆகிவிடும். அழைத்துவரப் போகும் பிள்ளைகள் தேதியைத் தவறவிடுவது இதனால்தான்.

பேரப்பிள்ளையைப் பார்க்கச் செல்லும் முதியவர்களுக்கு வேறொரு கவலையும் உண்டு. 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் நாளங்களில் ரத்தம் உறையும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007ல் தெரிவித்தது. எழுந்து நடக்க வசதியாக, ஓர இருக்கையை முன்கூட்டியே கேட்டு வாங்குவது நல்லது. முன்பு காலில் ரத்தம் உறைந்தவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் டிக்கெட் எடுக்கவே கூடாது. பிராங்பர்ட்டில் நின்று செல்லும் விமானத்தில் நேரம் சில மணி கூடும். ஆனால் நடுவழியில் இறங்கிக் காலார நடக்கலாம், சிக்கன வகுப்பும் கிடைக்கும்.